கோர்ட்டு அனுப்பும் பிள்ளைகளைக் கோயில் ஏற்றுக்கொண்டால், அதை யார் மேற்பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் அருகே உள்ள பீனிக்ஸில் ஒரு கோயில் இளைஞர் அணியைச் சேர்ந்த தம்பி கேட்டிருக்கிறார்: "சின்னக் குற்றத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாமல் எங்களிடம் விட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? எங்களை யார் கண்காணிப்பார்கள்? நாடாளுமன்றம் இதையெல்லாம் உண்மையிலேயே பார்க்கிறதா?"

டர்பன் பக்கத்துக் கோர்ட்டுகளில் புரபேஷன் அதிகாரியாக, அதாவது பிடிபட்ட பிள்ளைகளை மதிப்பிட்டுக் கோர்ட்டு உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பவராக, பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கேள்வியின் கடைசிப் பகுதியை யாரும் கேட்பதில்லை. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். சட்டத்தில் இடமுண்டு. கண்காணிப்பும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கேப் டவுனில் இருக்கும் நாடாளுமன்றத்துக்குப் போவது அறிக்கை மட்டும்தான். திட்டத்துக்கான பணம், ஆட்கள் இரண்டும் மாகாணத்தின் கையில். ஆகவே நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை கேள்வி கேட்க வேண்டிய முதல் இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கூடும், நம் மாகாணமான குவாசுலு-நாட்டாலின் சட்டமன்றம். இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லோரும் கேப் டவுனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இல் ராபர்ட்சன் என்ற ஊரில், சின்னத் திருட்டுக்காகப் பிடிபட்ட 13 வயதுப் பையன் ஒருவனை உடன் அடைக்கப்பட்டிருந்தவர்களே போலீஸ் செல்லில் அடித்துக் கொன்றார்கள். நாடே அதிர்ந்தது. அதே காலத்தில்தான் நிக்ரோ என்ற குற்றத் தடுப்பு, மறுவாழ்வுத் தொண்டு அமைப்பு, வழக்கை நிறுத்தி வைத்துப் பிள்ளையைத் திருத்தும் திட்டத்துக்கு அனுப்பும் டைவர்ஷன் முறையை இங்கே நடத்தத் தொடங்கியிருந்தது. அதற்கென்று அப்போது தனிச் சட்டம் எதுவும் கிடையாது. அரசு வழக்கறிஞரின் நல்ல மனசுதான் சட்டம். 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சிறுவர்களுக்கான பிரம்படித் தண்டனையை ஒழித்தது. 1996 அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, பிள்ளைகளைக் காவலில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு காலத்துக்கு மட்டும் என்று எழுதி வைத்தது. சட்ட ஆணையத்தில் குழந்தை உரிமை வழக்கறிஞர் ஆன் ஸ்கெல்ட்டன் தலைமையிலான குழு வரைவைத் தயாரித்தது. மசோதா 2002இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நடுவில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது, 2008இல் நிறைவேறியது, 2010 ஏப்ரல் 1 முதல் சிறுவர் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் ஒரு இடத்தில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். 2003இல் மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, கடுமையான குற்றங்களுக்கு டைவர்ஷனே கூடாது என்ற பக்கம் சாய்ந்தது. குழந்தை உரிமை அமைப்புகள் விடாமல் வாதாடின. 2008 தொடக்கத்தில் மறுபடி பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. முடிவில், எந்தக் குற்றத்துக்கும் கதவை அடியோடு சாத்தவில்லை. மிகக் கடுமையான பட்டியலில் உள்ள குற்றமென்றால், விதிவிலக்கான சூழ்நிலையில், அரசு வழக்கு இயக்குநர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று வைத்தார்கள். நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து வைத்துச் சண்டை போட்டார்கள். சட்டம் நிறைவேறிய பிறகு அதே கவனம் நடைமுறையின் மீது திரும்பவில்லை.

இனி உங்கள் கோயில் விஷயம். பிடிபட்ட பிள்ளையைப் புரபேஷன் அதிகாரி பார்த்துப் பேசி மதிப்பீடு எழுதுவார். அதன்பின் மாஜிஸ்திரேட் முன்னால் முதல்நிலை விசாரணை. பிள்ளை யாருடைய நெருக்கடியும் இல்லாமல் பொறுப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், வழக்குக்குப் போதிய முகாந்திரம் இருக்க வேண்டும், பிள்ளையும் பெற்றவரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் டைவர்ஷன் தரலாம். அது எழுத்தில் மன்னிப்புக் கேட்பதாக இருக்கலாம், தவறாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற உத்தரவாக இருக்கலாம், கவுன்சலிங், சமூக சேவை, பாதிக்கப்பட்டவரோடு குடும்பங்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். இலேசான வகை உத்தரவு 14 வயதுக்குக் கீழே 12 மாதம், அதற்கு மேலே 24 மாதம் என்ற எல்லையைத் தாண்டக்கூடாது. ஒழுங்காக முடித்தால் அந்தப் பிள்ளைக்குக் குற்றப் பதிவு கிடையாது. விசாரணை நடந்து குற்றம் நிரூபணமான பிறகும்கூடச் சிறைக்குப் பதிலாகச் சமூகத்திலேயே நிறைவேற்றும் தண்டனை தரச் சட்டத்தில் வழியிருக்கிறது.

ஆனால் நல்ல மனசு இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு திட்டத்தை ஆரம்பித்து, கோர்ட்டு பிள்ளைகளை அனுப்பட்டும் என்று காத்திருக்க முடியாது. சமூக மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரச் சான்றிதழ் உள்ள அமைப்புக்கும், சான்றிதழ் உள்ள திட்டத்துக்கும் மட்டுமே கோர்ட்டு அனுப்பலாம். இரண்டுக்கும் தனித்தனி அங்கீகாரம். சான்றிதழ் நான்கு ஆண்டுக்கு மேல் செல்லாது. அந்த அங்கீகார முறையையே நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. கண்காணிப்பின் முதல் கண்ணி அது.

குறைந்தபட்சத் தரங்கள் என்று சட்டம் சொல்லும் பகுதியை உங்கள் இளைஞர் அணியில் எல்லோரும் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். திட்டம் பிள்ளையைச் சுரண்டக்கூடாது. உடம்புக்கும் மனசுக்கும் கேடு தரக்கூடாது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைக் கெடுக்கக்கூடாது. பணமில்லை, போக்குவரத்து இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிடக்கூடாது. இந்தக் கடைசி வரியின் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். டாக்ஸிக் காசு இல்லாமல் இரண்டு சனிக்கிழமை வராமல் போன பையனின் பெயருக்கு நேரே "உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை" என்று எழுதப்படும். அம்மா கடையில் ஷிஃப்ட், அப்பா வீட்டிலேயே இல்லை, ஆயாவுக்கு முழங்கால் வலி. கூட்டி வர ஆளில்லை. இதைப் பிள்ளையின் குற்றமாக எழுதுவது அநியாயம், சட்டத்துக்கும் விரோதம்.

கோயில் என்பதால் இன்னும் ஒன்று. பிள்ளையின் பண்பாடு, மதம், மொழி ஆகியவற்றைக் கவனத்தில் எடுக்கச் சட்டம் சொல்கிறது. அதற்கு இரண்டு பக்கம் உண்டு. காவடி தூக்கும் குடும்பத்துப் பையனுக்குக் கோயில் அன்னதானக் கூடத்தில் பெரியவர்களோடு சேர்ந்து வேலை செய்வது அவனை மறுபடி ஊரோடு சேர்த்துவைக்கும். கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். அதே கோயிலுக்கு ஒரு கிறிஸ்தவப் பையனோ ஜூலுப் பையனோ கோர்ட்டு உத்தரவோடு வந்தால், அவனைப் பூஜைக்கு உட்கார வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. மறுத்தால் வழக்கு திரும்பி வரும் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளையின் சம்மதம் முழுச் சம்மதம் அல்ல.

சமூகத்துக்குள் நடக்கும் திட்டம்தானே, சிறை இல்லையே, இதற்கு எதற்கு இத்தனை கண்காணிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து க்ரூகர்ஸ்டார்ப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நடந்த சோதனையில் நான்கு பிள்ளைகளின் சிறுநீரில் கஞ்சா தெரிந்தது. சட்டத்தின் மிக இலேசான பட்டியலில் உள்ள குற்றம் அது. டைவர்ஷன் கிடைத்தது. அதற்கு அவர்கள் கட்டுப்படவில்லை என்று சொல்லி, பிள்ளைகளைச் சிறுவர் பராமரிப்பு இல்லத்தில் கட்டாயமாகத் தங்கவைக்க உத்தரவாயிற்று. இலேசான குற்றத்துக்கு அப்படி அடைத்து வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. சிறையிலிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடு அந்த நான்கு பிள்ளைகளையும் வீட்டை விட்டே பிரித்தது.

இது எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு மனசு உறுத்தி, கோப்பை உயர்நீதிமன்றத்தின் சீராய்வுக்கு அனுப்பினார். 2020இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 29இல் அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளைகள் கஞ்சா பயன்படுத்துவதையும் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பதையும் குற்றமாக்கும் சட்டப் பகுதி செல்லாது என்று சொல்லி, அதைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுத்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதைத் தொடங்கி வைத்தது எந்தச் சட்டமன்றக் குழுவும் அல்ல, எந்த ஆண்டறிக்கையும் அல்ல. தனி ஒருவரின் மனசாட்சி. சிறைத்தண்டனை பெற்ற பிள்ளையின் வழக்கு தானாகவே உயர்நீதிமன்றச் சீராய்வுக்குப் போகும். டைவர்ஷன் உத்தரவு அப்படிப் போகாது. நன்மை செய்கிற உத்தரவு என்ற எண்ணத்தாலேயே அதன் மீது பார்வை குறைந்துவிட்டது.

கட்டிடத்துக்கும் அதே கதைதான். சிறை என்றால் சிறைகளைச் சோதிக்கும் நீதித்துறை ஆய்வு அமைப்பு உள்ளே போய்ப் பார்க்கும், கைதியின் புகாரைக் கேட்கும். சமுதாயக் கூடத்திலோ சர்ச்சிலோ கோயிலிலோ சனிக்கிழமை நடக்கும் திட்டத்துக்கு அப்படித் தனியான, துறைக்கு வெளியே நிற்கும் ஆய்வாளர் கிடையாது. அங்கீகாரம் தருவதும், பணம் தருவதும், தரத்தைப் பார்ப்பதும் ஒரே துறை. வெஸ்டர்ன் கேப் மாகாணம் 2019இல் சட்டம் போட்டு, 2020இல் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆணையரை நியமித்தது. நம் மாகாணத்திலும் அப்படி ஒருவர் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சங்கங்களும் கோயில்களும் சர்ச்சுகளும் மசூதிகளும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை அது.

சரி, நாடாளுமன்றத்துக்கு என்னதான் போகிறது? நீதித்துறைத் தலைமை இயக்குநர் தலைமையில் போலீஸ், அரசு வழக்குத் துறை, சிறைத்துறை, சமூக மேம்பாடு, கல்வி, சுகாதாரம் எல்லாம் உட்காரும் ஒரு துறைகளிடைக் குழு உண்டு. சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். தேசியக் கொள்கைச் சட்டகமும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். டைவர்ஷன் பெற்ற பிள்ளைகளின் பதிவேடு ஒன்றைச் சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்க வேண்டும். உலகத்தில் பல நாடுகளில் இந்த அளவுக்குக்கூடச் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை.

இந்த அறிக்கைக் கடமை பலன் தந்ததற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. முதல் சட்டத்தில், 10 வயதுப் பிள்ளையைக்கூடக் குற்றவாளியாக நிறுத்தலாம் என்று இருந்தது. ஐந்து ஆண்டுக்குள் இந்த வயதை மறுபரிசீலனை செய்து கணக்கோடு அறிக்கை தர வேண்டும் என்ற கட்டளையையும் நாடாளுமன்றம் அதே சட்டத்தில் சேர்த்திருந்தது. அந்த வழியாகத்தான் 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்து, 2022 ஆகஸ்ட் 19 முதல் வயது 12 ஆயிற்று. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 14 என்று சொல்கிறது, நாம் இன்னும் அங்கே போகவில்லை. இருந்தாலும், தேதி போட்டுக் கேள்வி கேட்டால் பதில் வரும் என்பதற்கு இது சாட்சி.

ஆண்டறிக்கைகளில் அந்தக் கூர்மை இல்லை. எத்தனை பேர் கைது, எத்தனை மதிப்பீடு, எத்தனை டைவர்ஷன் என்று எண்ணிக்கை மேல் எண்ணிக்கை. முதல் ஆண்டுகளில் போலீஸ் தந்த கணக்கு, குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கையாக இருந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கையாக அல்ல. ஒரே பையன் மீது மூன்று குற்றச்சாட்டென்றால் மூன்றாக எண்ணினால், சமூக மேம்பாட்டுத் துறையின் கணக்கோடு அது எப்படிப் பொருந்தும்? அந்த ஆண்டுகளிலேயே டைவர்ஷன் எண்ணிக்கையும் குறைந்தது. கைது குறைந்ததால் குறைந்ததா, வழக்கே போடாமல் போலீஸ் திருப்பி அனுப்பியதா, திட்டமே இல்லாத ஊர்களில் பிள்ளைகள் விடுபட்டுப் போனார்களா என்பது எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது அல்ல.

சட்டப்படி, உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்கப் புரபேஷன் அதிகாரியோ பொருத்தமான வேறு ஒருவரோ நியமிக்கப்படுகிறார். பிள்ளை முடித்தால் முடித்தான் என்றும், தவறினால் ஏன் தவறினான் என்றும் எழுதித் தர வேண்டும். எங்கள் வேலையின் உயிரே அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். பையன் எந்தக் கிழமை நின்றான், வீட்டில் என்ன நடந்தது, மறுபடி பள்ளிக்கூடம் சேர்த்தார்களா, எல்லாம் அதில் உண்டு. அந்தக் காகிதம் கோர்ட்டுக் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். சட்டமன்ற உறுப்பினரின் மேசைக்குப் போவது அதிலிருந்து பிழிந்தெடுத்த ஒற்றை எண். பெயர்களை நீக்கிவிட்டு, தவறியதற்கான காரணங்களை மட்டும் தொகுத்துக் கொடுத்தாலே குழுவுக்கு உண்மை நிலை தெரிந்துவிடும். இதைச் செய்யப் புதுச் சட்டம் தேவையில்லை, குழுத் தலைவர் கேட்டாலே போதும்.

இப்போது பணத்துக்கு வருவோம். சமூக நலம் என்பது அரசியலமைப்பின்படி தேசியமும் மாகாணமும் பகிர்ந்துகொள்ளும் துறை. சட்டம் தேசியச் சட்டம். புரபேஷன் அதிகாரிக்குச் சம்பளம், திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு மானியம், வண்டிக்குப் பெட்ரோல், இவையெல்லாம் மாகாண பட்ஜெட். நம் ஊர்களில் பெரும்பாலான திட்டங்களைத் தொண்டு அமைப்புகள்தான் நடத்துகின்றன. மானியம் இரண்டு மாதம் தாமதமானால் திட்டம் நடத்துகிறவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். அவரை நம்பி வந்த பிள்ளையின் உத்தரவு பாதியில் நிற்கும். 2010இல் ஃப்ரீ ஸ்டேட் உயர்நீதிமன்றம், தொண்டு அமைப்புகளுக்கு நிதி தரும் அந்த மாகாணத்தின் கொள்கை அரசியலமைப்புக் கடமைக்குப் போதாது என்று தீர்ப்பளித்தது. அரசு செய்ய வேண்டிய சேவையை அரசுக்காகச் செய்கிறவர்களுக்குத் துண்டு துணுக்காகப் பணம் தரக்கூடாது என்பதுதான் அதன் சாரம். கொள்கையைத் திருத்தித் திருத்தி எழுதி நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த அந்த மாகாணத்துக்கு ஆண்டுகள் பிடித்தன.

டர்பன் பக்கத்துச் சேட்ஸ்வர்த்தில் 2000களின் நடுவில் 'ஷுகர்ஸ்' போதைப்பொருள் பரவியபோது, செம்புக் குழாயும் தண்ணீர் மீட்டரும் திருடிப் பிடிபட்ட பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது போதை மீட்பு. கையில் இருந்தது பொதுவான வாழ்க்கைத் திறன் வகுப்பு. எது இருக்கிறதோ அதற்கு அனுப்பினோம். அறிக்கையில் அது டைவர்ஷன் என்ற கட்டத்தில் ஒன்றாக எண்ணப்பட்டது. எந்த ஊரில் எந்த வகைத் திட்டம் இருக்கிறது, எது இல்லை என்ற கேள்வியை மாகாணச் சட்டமன்றத்தின் சமூக மேம்பாட்டுக் குழுதான் கேட்க முடியும். மாகாண அரசைக் கணக்குக் கேட்கும் கடமை அதற்கு அரசியலமைப்பின் 114ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஆகவே தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலை பார்க்கும் புரபேஷன் அதிகாரியைப் போய்ப் பாருங்கள். தனித் திட்டம் தொடங்குவதைவிட, ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள அமைப்போடு சேர்ந்து இடமும் ஆளும் தருவது நல்ல தொடக்கம். பிள்ளைகளோடு பழகப் போகும் ஒவ்வொருவரும், குருக்கள் முதல் சமையல்காரர் வரை, தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் தங்கள் பெயர் இல்லை என்பதை 30ஆம் படிவம் போட்டு உறுதி செய்ய வேண்டும். கோயில் மானேஜருக்கு இது அவமானமாகப் படலாம். விளக்கிச் சொல்லுங்கள், விதிவிலக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வந்த பிள்ளை தவறினால் ஏன் என்று எழுதி வையுங்கள், அவன் வாயால் சொன்ன காரணத்தை அப்படியே.

அடுத்தது சட்டமன்றம். குழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. மனு கொடுக்கும் உரிமையும் அரசியலமைப்பில் உண்டு. நாடாளுமன்றக் குழுக்களில் என்ன பேசினார்கள் என்பதை நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற அமைப்பு 1995 முதல் பதிவு செய்து வருகிறது, இணையத்தில் படிக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போகும்போது பொதுவாகப் புலம்பாமல் குறிப்பாகக் கேளுங்கள். பீனிக்ஸ், வெருலம், சேட்ஸ்வர்த் கோர்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் இன்றைக்குச் சான்றிதழ் உயிரோடு இருக்கும் திட்டங்கள் எவை? எத்தனை பிள்ளைகள் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்காதவர்கள் எந்தக் காரணத்தால்? போக்குவரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? மானியம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது? உத்தரவு மீறியதாகச் சொல்லி எத்தனை பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பினீர்கள், அவர்களில் எத்தனை பேர் இலேசான குற்றத்துக்காக வந்தவர்கள்?

நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. மாகாண பட்ஜெட் வழக்கமாக மார்ச்சில் வைக்கப்படும். உங்கள் மனு ஜனவரியிலேயே குழுச் செயலாளர் கையில் இருக்கட்டும். ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்டால், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்ற பதில்தான் வரும்.